நம்ம டைம் ஒரு மணி

ஹெலனுக்குத் தனியாகச் சாப்பிட வராது. ஷூவின் மேல்தோலைக் கையில் கொடுத்தால் வளைவு பிசகாமல் கண்ணை மூடிக்கொண்டு தைத்துவிடுவாள். சர்ச்சில் பாட்டு எடுத்துக் கொடுப்பாள். காலி சிலிண்டரைத் தானே உருட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போவாள். சோற்றைப் போட்டுக்கொண்டு தனியாக உட்கார் என்றால் மட்டும் கை தட்டுக்குப் போகாது. நாற்பது வயசுப் பொம்பளைக்கு இது ஒரு வியாதியா என்று நானே கேலி செய்திருக்கிறேன். வியாதி இல்லைதான். ஆனால் ஏற்கெனவே இருந்த வியாதியோடு இது கூட்டுச் சேர்ந்தபோது ஆளையே கொண்டுபோகப் பார்த்தது.

என் பெயர் மோகனா. ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் பத்தொன்பது வருஷமாக முதலுதவி அறையில் நர்ஸ் வேலை. விரலில் ஊசி ஏறினவர்கள், பசை நெடியில் தலை சுற்றினவர்கள், வீட்டுச் சண்டையில் அழுது தலைவலி வந்தவர்கள் எல்லாரும் என்னிடம்தான் வருவார்கள். கம்பெனிக்குள் எல்லாருக்கும் நான் சிஸ்டர். ஹெலனுக்கும் அங்கே சிஸ்டர்தான். கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கிப் பெரியாங்குப்பத்தில் எங்கள் தெருவுக்குள் கால் வைத்ததும் அக்கா ஆகிவிடுவேன். அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். எனக்குக் கோபம் கொஞ்சம் ஜாஸ்தி என்று ஊரில் பேச்சு. இருக்கட்டும், கோபப்படுகிற மாதிரி நடந்தால் கோபம் வரத்தானே செய்யும்.

அவள் பிறந்தது மாதனூர்ப் பக்கம். வீட்டில் ஏழு பேர், இவள் கடைக்குட்டி. அப்பா அம்மா இருவருக்கும் கழனியில் கூலி வேலை. அண்ணன்மார் சாப்பிட்டு, அப்பா சாப்பிட்டு, கடைசியில் சட்டியில் ஒட்டியிருப்பதை வழித்து நின்றுகொண்டே தின்று வளர்ந்தவள். யாரும் கொடுமை செய்யவில்லை. அவள் சாப்பிட்டாளா என்று கேட்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான். பத்தாவது முடித்த கையோடு கம்பெனி பஸ் ஏறினாள். பசை தடவுகிற மேஜையில் ஆரம்பித்து ரெண்டே வருஷத்தில் தையல் மிஷினுக்கு வந்துவிட்டாள்.

அவளைக் கட்டினவன் ஜான்சன். டேனரியில் வேலை செய்தான். தோலுக்குக் கலர் ஏற்றுகிற பிரிவு. வாடிக்கையாளர் அனுப்பின துண்டுத் தோலைப் பார்த்து அதே கலரைக் கலக்கிக் கொண்டுவருவதில் கெட்டிக்காரன். அவன் சட்டையில் எத்தனை சோப்புப் போட்டாலும் டேனரி வாசனை போகாது. அதைப் பற்றி ஹெலனிடம் கேட்டால், "எனக்கு அது இன்னா புதுசா? நானும் தோல்ல தானே கெடக்கறேன்" என்பாள்.

கல்யாணமான மறுநாள் மத்தியானம் அவனுக்குச் சோறு போட்டு வைத்துவிட்டு இவள் அடுப்படிக்குள் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து ரசம் கொண்டுவந்து பார்த்தால், போட்ட சோறு போட்டபடி இருக்கிறது. குழம்பில் உப்பு ஜாஸ்தியோ என்று இவளுக்குப் பயம். "நீ இன்னும் உக்காரலையே" என்றானாம் ஜான்சன். பிறந்ததிலிருந்து அவளுக்காக ஒருவர் சோற்றை முன்னால் வைத்துக்கொண்டு காத்திருந்தது அன்றைக்குத்தான். இந்தக் கதையை என்னிடம் நாற்பது தடவையாவது சொல்லியிருப்பாள். நாற்பதாவது தடவை சொல்லும்போதும் 'நீ இன்னும் உக்காரலையே' என்கிற இடத்தில் குரல் கம்மிப்போகும்.

அதற்கப்புறம் அவர்கள் தனித்தனியாகச் சாப்பிட்டதே இல்லை. அவனுக்கு ரெண்டாவது ஷிஃப்ட் என்றால் இவள் பட்டினியாக உட்கார்ந்திருப்பாள். பிள்ளை பிறக்கவில்லை. முதலில் அதற்காக அலைந்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். ரெண்டு தட்டு, ரெண்டு தம்ளர், அதுதான் குடும்பம்.

இங்கே டேனரி ஒவ்வொன்றாக ஷிஃப்ட்டைக் குறைத்தபோது ஜான்சனுக்கு எத்தியோப்பியாவிலிருந்து வேலை வந்தது. அங்கேயும் தோல் பதனிடுகிறார்கள், கலர் தெரிந்த ஆள் வேண்டும். நம் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் அப்படிப் போயிருக்கிறார்கள். ரெண்டு வருஷக் காண்ட்ராக்ட். போய் நாலு வருஷம் ஆகிறது. நடுவில் ஒரே ஒரு மாதம் வந்துவிட்டுப் போனான்.

அந்த ஊர்க் கடிகாரம் நமக்கு ரெண்டரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. நமக்கு மத்தியானம் ஒரு மணி என்றால் அங்கே காலை பத்தரை. ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேருக்கும் லீவு. அதனால் ஜான்சன் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டான். அங்கே பத்தரைக்கே சோறு பொங்கித் தட்டில் போட்டுக்கொண்டு வீடியோவில் கூப்பிடுவான். இங்கே ஹெலன் தட்டோடு தரையில் உட்கார்ந்து, போனைத் தண்ணீர்ச் சொம்பின்மேல் சாய்த்து வைப்பாள். "நம்ம டைம் ஒரு மணி" என்பது அவர்களுக்குள் ஒரு பேச்சு. நம்ம டைம் என்றால் ஆம்பூர் டைம். காலை பத்தரைக்குக் கறிக்குழம்பு தின்கிறவனைப் பார்த்து அங்கே கூட இருக்கிறவர்கள் சிரித்தார்களாம். "சிரிக்கட்டும், எங்க ஊர்ல இப்ப ஒரு மணி" என்று சொல்லிவிட்டானாம். எனக்கு அவன்மேல் ஆயிரம் கோபம் உண்டு, ஆனால் இந்த ஒரு காரியத்துக்காக மனசுக்குள் கும்பிட்டிருக்கிறேன்.

ஹெலனுக்குச் சுகர் வந்து எட்டு வருஷம். மாத்திரையிலேயே ஓடிக்கொண்டிருந்தது. இந்த வருஷ ஆரம்பத்தில் வேலூர் ஆஸ்பத்திரியில் மாத்திரை மட்டும் போதாது என்று ரெண்டு வகை இன்சுலின் எழுதிக் கொடுத்தார்கள். ராத்திரிக்கு ஒன்று. அது நிதானமாக நாள் முழுக்க வேலை செய்யும். இன்னொன்று மூன்று வேளையும் சாப்பாட்டோடு. அது போட்ட கால் மணி நேரத்தில் வேலையை ஆரம்பித்துவிடும். இதற்கு ஹெலன் வைத்த பேர் சோத்து ஊசி. ரெண்டும் பேனா மாதிரி ஒரே சாடையில் இருப்பதால், மாற்றிப் போட்டுவிடக் கூடாது என்று சோத்து ஊசியில் சிவப்பு நைலான் நூலைச் சுற்றி வைத்தாள். தையல்காரி புத்தி. நானே அதை மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தேன்.

சோத்து ஊசி ஒரு அவசரக்காரன். சோற்றிலிருந்து வரப்போகிற சர்க்கரையைப் பிடிக்க ஓடி வருவான். சோறு வராவிட்டால் சும்மா திரும்பிப் போகமாட்டான். ரத்தத்தில் ஏற்கெனவே இருப்பதைப் பிடித்து இறக்கிவிடுவான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் நான் ஒரு தப்புச் செய்தேன்.

கம்பெனியில் ஒரு மணிக்குச் சாப்பாட்டு மணி. அது பிசகாது. "பன்னெண்டு அம்பதுக்கு என் ரூமுக்கு வா, ஊசி போடு, மணி அடிச்சதும் டப்பாவத் தொற" என்று ஹெலனுக்குப் பழக்கினேன். மணியடிச்சா சோறு என்று ரெண்டு பேரும் சிரித்துக்கொள்வோம். வீட்டிலும் மறக்கக் கூடாது என்று ஒரு தாளில் '12.50 ஊசி, 1.00 சாப்பாடு' என்று கொட்டை எழுத்தில் எழுதி அவள் ஃபிரிட்ஜ் மேல் ஒட்டினவளும் நானே. தட்டு முன்னால் வந்தபிறகு ஊசி என்று எழுதியிருக்க வேண்டும். நான் மணியை எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மணி அடிக்க ஆள் கிடையாது என்பது இந்தப் பெரிய புத்திசாலிக்குத் தோன்றவில்லை.

அஞ்சு மாதம் ஒன்றும் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஜான்சன் டாணென்று ஒரு மணிக்குக் கூப்பிட்டான், இவள் டாணென்று சாப்பிட்டாள்.

போன மாதம் அவனை வேறு டேனரிக்கு மாற்றினார்கள். பெரிய இடம். சமையல்காரர் வைத்து மெஸ் நடத்துகிறார்கள், இவன் பொங்க வேண்டியதில்லை. புது இடத்தில் முதல் ரெண்டு ஞாயிறும் பத்தரைக்கு மெஸ்ஸில் சோறு இல்லை, டீயும் பன்னும் வைத்துக்கொண்டு கூப்பிட்டான். ஹெலனுக்கு அது பிடிக்கவில்லை. "அவரு பன் தின்னறாரு, நான் கறி தின்னறேன், தொண்டையில எறங்கல அக்கா" என்றாள். மூன்றாவது சனிக்கிழமை ராத்திரி ஜான்சன் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறான்: "நாளைக்கு ஒழுங்கா சாப்பாட்டோடயே வர்றேன். நம்ம டைம் ஒரு மணிக்கு."

மறுநாள் சர்ச்சிலிருந்து வெயிலில் நடந்து வந்து குழம்பு வைத்தாள். பன்னிரண்டு ஐம்பதுக்குச் சோத்து ஊசி எட்டு யூனிட் போட்டாள். சோற்றைத் தட்டில் போட்டு, குழம்பை ஊற்றி, போனைச் சொம்பின்மேல் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

அவளிடம் வாங்கியிருந்த இட்லித் தட்டைத் திருப்பிக் கொடுக்க நான் போனபோது மணி ஒன்றே முக்கால் இருக்கும். கதவு திறந்துதான் இருந்தது. சோற்றின்மேல் குழம்பு ஆடை கட்டிக் கிடக்கிறது. அவள் ரவிக்கை தண்ணீரில் முக்கினது மாதிரி நனைந்திருக்கிறது. கை நடுங்குகிறது. கண் போனிலேயே இருக்கிறது.

"இன்னா ஹெலன், இன்னும் சாப்பிடலியா?"

"மணி அடிக்கலையே சிஸ்டர்" என்றாள்.

வீட்டில் வைத்து என்னை அவள் சிஸ்டர் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கம்பெனியில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். அவள் சுகர் பார்க்கிற மிஷின் அலமாரியில் இருந்தது, விரலில் குத்திப் பார்த்தேன். நாற்பத்து நாலு. எழுபதுக்குக் கீழே போனாலே ஆபத்து. சர்க்கரை டப்பாவைத் தேடி மூன்று ஸ்பூன் தண்ணீரில் கலக்கி, உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டு குடிக்க வைத்தேன். விழுங்குகிற தெம்பு இருந்தது, அது அவள் செய்த புண்ணியம். நினைவு தப்பியிருந்தால் வாயில் ஒரு சொட்டு ஊற்ற முடியாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். நூற்று எட்டைக் கூப்பிட்டுவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருப்பேன்.

கால் மணி கழித்துப் பார்த்தால் அறுபத்தொன்று. இன்னும் மூன்று ஸ்பூன். அடுத்த கால் மணியில் தொண்ணூற்றாறு. அப்போதுதான் அவள் முகத்தில் அவள் திரும்பி வந்தாள். பழைய சோற்றை ஒதுக்கிவிட்டுச் சூடாக வேறு போட்டு, என் கண் முன்னால் சாப்பிட வைத்தேன். அவள் ஒரு பிள்ளை மாதிரி சொன்னபடி கேட்டாள்.

"ஏன்டி சாப்பிடல? ஊசி உள்ள போனது தெரியுமில்ல?"

"ஒரு மணிக்கு வர்றேன்னாரு அக்கா. இதோ வந்துடுவாரு, இதோ வந்துடுவாருன்னே இருந்துட்டேன். கையெல்லாம் ஆடுச்சு. அவருக்கு இன்னாமோ ஆயிடுச்சுன்னு பயத்துல ஆடுதுன்னு நெனச்சேன்."

"ரெண்டு வாய் வெச்சிட்டுக் காத்திருந்தா இன்னா?"

"எடுக்கறப்ப என் வாய்ல சோறு இருந்தா அவரு மொகம் சின்னதா போய்டும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அவனை எத்தியோப்பியாவிலிருந்து காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்திருப்பேன்.

மூன்றரைக்குப் போன் அடித்தது. ஹெலன் பரபரவென்று எழுந்து தட்டைக் கழுவி எடுத்துவந்தாள். இன்னொரு கை சிவப்பு நூல் சுற்றின பேனாவுக்குப் போனது. பிடுங்கிக்கொண்டேன்.

"மறுபடி ஊசியா? முதல்ல போட்டதே உள்ள இன்னும் வேல செஞ்சிட்டிருக்கு. அதும்மேல இன்னொண்ணு ஏத்துவியா?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு காலித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, போனில் முகம் மட்டும் தெரிகிற மாதிரி சாய்த்து வைத்து, எடுத்தாள்.

"இன்னா, உக்காந்துட்டியா? பாத்தியா, கரெக்டா நம்ம டைம் ஒரு மணி" என்றான் ஜான்சன். அவன் பின்னால் நீளமான மேஜை, யார் யாரோ சாப்பிடுகிறார்கள். அவன் தட்டில் சோறு ஆவி பறக்கிறது.

ஹெலன் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"நம்ம டைம்னா அந்த ஊரு டைமா?"

"பின்ன? நான் இங்கதானே இருக்கேன்" என்று சிரித்தான். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாத சிரிப்பு. சோற்றோடு உட்கார வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள், அவன் சோற்றோடு வந்திருக்கிறான். அவன் கணக்கு சரிதான். நம்ம என்கிற வார்த்தை மட்டும் எப்போதோ அவனோடு அந்த ஊருக்குக் குடிபோய்விட்டது. அது அவனுக்கே தெரியவில்லை. ஹெலனுக்குத் தெரிந்துவிட்டது. அவள் உதட்டைப் பார்த்த எனக்கும் தெரிந்தது.

அப்புறம் அவள் செய்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். காலித் தட்டிலிருந்து ஒன்றுமில்லாததைப் பிசைந்து எடுத்து வாயில் வைத்து மென்றாள். "குழம்பு எப்டி?" என்று அவன் கேட்டான். "காரம் கொஞ்சம் கம்மி" என்றாள். இருபது நிமிஷம் அப்படியே அவனோடு சேர்ந்து சாப்பிட்டாள். நான் போனைப் பிடுங்கி எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று ஒரு அடி எடுத்து வைத்தேன். அவள் இடது கையைத் தரையோடு ஆட்டி வேண்டாம் என்றாள்.

புதன்கிழமை லீவு போட்டு அவளை வேலூருக்கு அழைத்துப் போனேன். டாக்டரம்மா சின்ன வயசு, பொறுமையாகக் கேட்டார். ஊசி மணியைப் பார்த்துப் போடுவதல்ல, தட்டைப் பார்த்துப் போடுவது என்றார். சாப்பாடு தள்ளிப்போனால் இந்த ஊசியும் தள்ளிப்போகட்டும். சாப்பாடே இல்லை என்றால் இந்த ஊசியும் இல்லை, ஆனால் ராத்திரி ஊசியை மட்டும் நிறுத்தக் கூடாது. போடுவதற்கு முன்னால் சுகர் பார்த்துவிட வேண்டும். பையில் எப்போதும் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்க வேண்டும். நான் எழுதி ஒட்டின தாளைப் பற்றி நானே சொல்லிவிட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வீட்ல கூட யாரு இருக்காங்க?" என்று கேட்டார்.

"வீட்டுக்காரர் இருக்காரு" என்றாள் ஹெலன். பிறகு, "வெளிநாட்டுல" என்றாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டுகிறவரை பொறுத்திருந்தேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"காண்ட்ராக்ட் எப்ப முடியுது?"

"இந்த மாசக் கடைசில. இன்னும் ரெண்டு வருஷம் நீட்டலாமான்னு கேட்டுட்டே இருக்காரு."

"நீ இன்னா சொன்ன?"

"உங்க இஷ்டம்னேன்."

"வான்னு சொல்றதுக்கு இன்னாடி?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நான் கூப்ட்டு வந்து, இங்க வேல கெடைக்கலன்னா? காலம்பூரா அது என் தலைமேல தானே நிக்கும்? அவரா வரணும் அக்கா. வரணும்னு அவருக்கே தோணணும்."

"ஞாயித்துக்கிழம நடந்ததச் சொல்லு, தானா வருவான்."

"சுகருக்குப் பயந்து வந்தா அது எனக்காக வந்ததா?" என்றாள். கண் நிறைந்துவிட்டது. "எனக்கு ஆசையா இல்லன்னா நெனக்கிற? காலைல எழுந்ததும் ரெண்டு பேருக்கு அரிசி எடுத்துட்டு, அப்புறம் ஒரு பங்கத் திரும்ப டப்பாவுல கொட்றேன். நாலு வருஷமா தெனமும் கொட்றேன்."

நான் சொல்லமாட்டேன் என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஊர் வம்புக்கெல்லாம் வாய் நீளுகிற எனக்கு அன்றைக்கு என்ன கேடோ, சரி என்று தலையாட்டினேன். ஆனால் விடாமல் அரித்தேன். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் ஒரே பாட்டு: சுகர் கதையைச் சொல்லாவிட்டால் போ, வாங்க என்கிற ஒரு வார்த்தையையாவது சொல். அழாத பிள்ளைக்குப் பால் கிடைக்காது என்றேன். சனிக்கிழமை சாயந்திரம் எங்கள் தெருமுனையில் நின்று, "நாளைக்குச் சொல்றேன் அக்கா. நீ பக்கத்துல இரு" என்றாள். அவனுக்கும் 'ஆம்பூர் டைம் ஒரு மணி' என்று மெசேஜ் போட்டுவிட்டாளாம்.

ஞாயிற்றுக்கிழமை நான் போகும்போது ஃபிரிட்ஜ் மேலிருந்த என் தாளைக் கிழித்திருந்தாள். சோறு, குழம்பு, பீன்ஸ் பொரியல், ரசம் எல்லாம் தரையில் வரிசையாக இருந்தன. புதுச் சேலை கட்டியிருந்தாள். நான் கவனிக்காத மாதிரி சுவரோரம் போனில் படாத இடத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

ஒரு மணிக்கு அவன் கூப்பிட்டான். மெஸ்ஸில் சொல்லி முன்கூட்டியே சோறு வாங்கிக்கொண்டு, தன் அறையில் கட்டில்மேல் உட்கார்ந்திருந்தான். "இன்னாம்மா, இப்ப உன் டைம்ல வந்துட்டேனா?" என்றான்.

"வந்துட்டீங்க. இருங்க, ஊசி போட்டுக்கறேன்."

விரலில் குத்திச் சுகர் பார்த்தாள். நூற்று முப்பத்தெட்டு. தட்டில் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். பேனாவில் சிவப்பு நூல் இருக்கிறதா என்று பார்த்தாள். புது ஊசியை மாட்டி, மேலே பிடித்து ரெண்டு யூனிட்டை வெளியே விட்டு, எட்டு வைத்து, வயிற்றில் போட்டு, பத்து எண்ணி எடுத்தாள். எல்லாம் படு சுத்தம். பள்ளிக்கூடப் பரீட்சைக்கு உட்கார்ந்தவள் மாதிரி என்னை ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். முதல் வாய் சாப்பிட்டாள். ரெண்டாவது வாயை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"இன்னாங்க."

"சொல்லு."

"நீங்க வந்துடுங்க. அந்த ரெண்டு வருஷம் வேணாம். இங்க இன்னா கெடைக்குதோ அது போதும். எனக்கு உங்ககூட உக்காந்து சாப்பிடணும். இந்தப் போனு வேணாம். நீங்க வேணும்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். அத்தனை வார்த்தை அவள் வாயிலிருந்து சேர்ந்தாற்போல் வந்து நான் கேட்டதில்லை.

லைன் போய்விட்டதோ என்று ஹெலன் குனிந்து பார்த்தாள். லைன் இருந்தது.

"வெள்ளிக்கெழமையே கையெழுத்துப் போட்டுட்டேன் ஹெலன்" என்றான். "மாசக் கடைசி வரைக்கும் காத்திருக்க மாட்டோம், இப்பவே போடுன்னாங்க. நீ உங்க இஷ்டம்னுதானே சொன்ன? உனக்கு அப்படி ஒண்ணும் இல்லன்னு நெனச்சேன்."

வெள்ளிக்கிழமை. நான் சத்தியத்தை மதிக்காமல் புதன்கிழமை ராத்திரியோ வியாழக்கிழமையோ அவனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பேனா அவன் கையில் நின்றிருக்கும். வேண்டாத இடத்தில் எல்லாம் பேசின வாய், வேண்டிய இடத்தில் மூடிக்கொண்டிருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

"ரெண்டே வருஷம்தான். கண்ண மூடித் தொறந்தா போய்டும்" என்றான் அவன். அவன் குரலும் சரியில்லை.

ஹெலன் கையிலிருந்த சோற்றைத் தட்டில் போட்டுவிட்டாள். தட்டைத் தள்ளினாள். எழுந்திருக்கப் போனவள் பாதியில் நின்றாள்.

நம் வீடுகளில் பொம்பளைக்கு மனசு விட்டுப்போனால் செய்வதற்கு ஒரே ஒரு காரியம்தான் உண்டு. சோறு வேண்டாம் என்று எழுந்து போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வது. அம்மா செய்தாள், நான் செய்திருக்கிறேன், இந்தத் தெருவில் செய்யாதவள் கிடையாது. அன்றைக்கு ஒரு நாளாவது அதைச் செய்ய ஹெலனுக்கு முழுப் பாத்தியதை இருந்தது. ஆனால் ஊசி உள்ளே போய் அஞ்சு நிமிஷம் ஆகியிருந்தது.

"சாப்பிடு ஹெலன்" என்றான் ஜான்சன். "ஊசி போட்டுட்டியே, சாப்பிடும்மா."

அவள் மறுபடி உட்கார்ந்தாள். தட்டை இழுத்துக்கொண்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு ஒரு வாய் எடுத்து வைத்தாள். மென்று விழுங்க ரொம்ப நேரம் ஆனது. அடுத்த வாய் எடுத்தாள். கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டே இருந்தது, அவள் துடைப்பதை நிறுத்திவிட்டாள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து ரசம் ஊற்றினேன். அதையும் பிசைந்து சாப்பிட்டாள். தட்டில் ஒரு பருக்கை மீதி வைக்கவில்லை.